ஆறாத கால் புண், படுக்கைப் புண்: எந்தக் கட்டு, எந்த மெத்தை?

தாம்வே_செவிலி | ஞாயிறு, காலை 7.10

வணக்கம். வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிறவர்களிடம் இரண்டு கேள்வி.

முதலாவது, 66 வயது ஐயா. டீக்கடைக் கல்லாவில் உட்காருகிறவர். இடது உள் கணுக்காலுக்கு மேலே 5 க்கு 4 செ.மீ. புண், எட்டு மாதமாக ஆறவில்லை. ஆழமில்லை, ஓரம் கோணல்மாணலாக இருக்கிறது. சுற்றுத் தோல் காப்பிக் கலரில் தடித்திருக்கிறது. காலையில் வைத்த காஸ் மத்தியானத்துக்குள் சொட்டச் சொட்ட நனைகிறது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் இருக்கிறார். வீட்டில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூவுகிறார்கள்.

இரண்டாவது, 72 வயது அம்மா, பக்கவாதம், எடை 50 கிலோ. வால் எலும்புக்கு மேல் குழிப்புண், 4 க்கு 3 செ.மீ., ஆழம் 2 செ.மீ. மேல் ஓரத்தில் தோலுக்கு அடியில் பை மாதிரி உள்ளே போகிறது. வலது குதிகாலில் கறுப்பாகக் காய்ந்த பொருக்கு. காற்று மெத்தை இருக்கிறது, கரண்ட் போனால் தட்டையாகிவிடுகிறது.

எந்த மருந்து வைப்பது?

கட்டுத்துணி | ஞாயிறு, காலை 9.25

மருந்துக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்க, செவிலி சயாமா. புண் எதனால் வந்தது, எதனால் ஆறாமல் நிற்கிறது, அதுதான் முதல். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே எதை வைத்தாலும் காஸும் காசும்தான் போகும்.

ஐயாவின் கால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சிரைப் புண். இரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகளின் வால்வு கெட்டு, இரத்தம் கணுக்கால் மட்டத்தில் தேங்குகிறது. கசிந்த சிவப்பணுக்களின் இரும்பு தோலில் படிந்ததுதான் அந்தக் காப்பிக் கலர். உள் கணுக்காலுக்கு மேல், மேலோட்டமாக, நீர் வடிந்தபடி இருப்பது இதன் வழக்கமான முகம். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது இதற்கு உரம் போட்ட மாதிரி.

தமனிப் புண், அதாவது காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைத்து வருவது, வேறு சாதி. விரல் நுனி, குதிகால், பாத ஓரத்தில் வரும். பஞ்சிங் மெஷினில் வெட்டியது மாதிரி வட்டமாக, அடி வெளிறி, நீர் இல்லாமல் இருக்கும். கால் சில்லென்றிருக்கும், ராத்திரி வலிக்கும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால் வலி குறையும். சர்க்கரையால் நரம்பு மரத்து வரும் புண், உள்ளங்காலில் பெருவிரல் அடிமேட்டில், தடித்த காய்ப்புக்கு நடுவில், வலியே இல்லாமல் இருக்கும்.

சிரைப் புண்ணுக்கு வைத்தியம் அழுத்தக் கட்டு. தமனி அடைத்த காலில் அதே கட்டைப் போட்டால் விரல் கறுத்துக் காலே போகலாம். ஐயாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இரண்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு. டாப்ளர் (இரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்க வைக்கும் கருவி) வைத்து அளக்காமல் இறுக்கிக் கட்டாதீர்கள். பாதத்தில் நாடி விரலுக்குத் தெரிகிறது என்பது மட்டும் போதாது.

அளப்பது இப்படி. மல்லாக்கப் படுக்க வைத்து 10 முதல் 20 நிமிடம் ஓய்வு. இரண்டு கையிலும் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை எடுத்து, அதிகமானதை வைத்துக்கொள்ளுங்கள். புண்ணைச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, கணுக்காலுக்குச் சற்று மேலே பி.பி. கஃப் சுற்றுங்கள். பாதத்தின் மேல் நாடி, உள் கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நாடி, இரண்டிலும் ஜெல் தடவி, டாப்ளரின் 8 மெகாஹெர்ட்ஸ் முனையைச் சாய்வாக வைத்து, காற்றை மெதுவாக இறக்குங்கள். சத்தம் திரும்பும் எண்தான் அளவு. கால் நாடி இரண்டில் அதிகமானதைக் கை அளவால் வகுக்க வேண்டும். கை 140, கால் 126 என்றால் 0.9.

0.8 முதல் 1.3 வரை முழு அழுத்தக் கட்டு போடலாம். 0.5 முதல் 0.8 வரை குறைந்த அழுத்தம், அதுவும் இரத்தக்குழாய் டாக்டர் சொன்னால் மட்டும். 0.5க்குக் கீழே கட்டே கூடாது, உடனே அனுப்புங்கள். 1.3க்கு மேல் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கஃபால் அமுக்க முடியாமல் போவதால் வரும் பொய் எண் அது. கால் விரலில் அழுத்தம் அளக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

தாட்டன்_தம்பி | ஞாயிறு, காலை 10.02

எங்க பக்கம் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சுப் போடுவாங்க. சில வீட்ல தனகா மரப்பட்டையை அரைச்சு அப்புறாங்க, சில்லுனு இருக்கும்னு. காத்துப் பட விட்டா புண்ணு சீக்கிரம் காயும்னு பெரியவங்க சொல்றாங்க. இதெல்லாம் தப்பா? தேன் வைக்கலாம்தானே?

மோல்மேன்_மருந்துக்கடை | ஞாயிறு, காலை 11.40

தம்பி, புண் காய்வது வேறு, ஆறுவது வேறு. புதுத் தோல் ஓரத்திலிருந்து ஈரமான தரையில் ஊர்ந்துதான் நடுவுக்கு வரும். மேலே பொருக்குக் கட்டிவிட்டால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். பாதி வேகம் அங்கேயே போச்சு. சேறாகவும் இருக்கக் கூடாது, காயவும் கூடாது. நாற்றுப் பாத்தி ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனகாவை முகத்தில் தாராளமாகப் பூசலாம். கல்லில் பச்சைத் தண்ணீர் விட்டு உரைத்ததைத் திறந்த புண்ணில் அப்புவது கல்லில் உள்ள கிருமியையும் சேர்த்து அப்புவது. மஞ்சள் தூளும் அப்படியே. புண்ணின் நிறத்தையே மறைத்துவிடும், செஞ்சதை வளர்கிறதா அழுகுகிறதா என்று செவிலிக்குத் தெரியாது. தேன் புண்ணுக்கு நல்லதுதான், ஆனால் காமாக் கதிரில் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். பஜார்த் தேனில் ரணஜன்னி (டெட்டனஸ்), பொட்டுலினம் வகைக் கிருமிகளின் வித்துகள் இருக்கலாம், சர்க்கரைப் பாகும் கலந்திருக்கலாம்.

டெட்ராசைக்ளின் பொடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்க. வடியும் நீரோடு கலந்து மஞ்சள் மாவு மாதிரி ஒட்டி அடியை மறைக்கிறது. கிருமியைக் கொல்லும் அளவு அடிவரை போய்ச் சேராது, கிருமி மருந்துக்குப் பழகும் அளவுக்கு மட்டும் போகும். நியோமைசின் களிம்பு இன்னொரு தொல்லை. சிரைப் புண்காரர்களின் தோலில் அது அடிக்கடி ஒவ்வாமை கிளப்பும். சுற்றுத் தோல் சிவந்து அரித்தால் புண் பெருகிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் களிம்பு பூசுவார்கள்.

கழுவுவதற்குக் குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும். மழைக்காலத்தில் கலங்கல் வரும் இடங்களில் கொதிக்க வைத்து ஆற வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு, தலை தட்டிய டீஸ்பூனால் ஏறக்குறைய ஒன்றரை. தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம், மூடி ஆறவிட்டு, அன்றைக்கே பயன்படுத்தி மீதியைக் கொட்டிவிடுங்கள். உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ஐஸ் தண்ணீரில் கழுவினால் குளிர்ந்த சதை மறுபடி வேலையைத் தொடங்க நேரமாகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் வேண்டாம். நுரை வருவதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைப்பார்கள். வெந்துபோவதில் புதுச் செல்லும் உண்டு.

கட்டு பச்சை நிறத்தில் நனைந்து, ஒரு மாதிரித் தித்திப்பு வாடை வந்தால் சூடோமோனாஸ் என்ற கிருமி. 5 சதவீத வெள்ளை வினிகர் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. காஸை நனைத்து 5 முதல் 10 நிமிடம் வைத்து எடுத்துக் கழுவுங்கள், சில நாள் போதும். போத்தலில் சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்துக்கு விற்கும் அமிலத்தைக் கலந்து பார்க்கிற வேலை வேண்டாம்.

கட்டுத்துணி | ஞாயிறு, மாலை 6.15

மருந்துக்கடை அண்ணே சொன்னதோடு ஒன்று: காயம் வந்தவுடன் ஊசி போட்டோம் என்பார்கள், எட்டு மாதப் புண்ணுக்கு யாரும் கேட்பதில்லை. ரணஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது என்று கேளுங்கள். ஆறாத கால் புண்ணும் அந்தக் கிருமிக்கு வாசல்தான்.

தாம்வே_செவிலி | திங்கள், இரவு 8.30

நன்றி. டாப்ளர் கிடைத்தது. கை 138, கால் 130. விகிதம் 0.94. கட்டு போடலாம் என்று டாக்டரும் எழுதிக்கொடுத்திருக்கிறார். கிரேப் பேண்டேஜ் போதுமா? சுற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்க அக்கா.

கட்டுத்துணி | திங்கள், இரவு 10.05

கிரேப் போதாது. சுற்றும்போது இறுக்கமாக இருக்கும், கொஞ்ச நேரம் நடந்தாலே தளர்ந்துவிடும். வேண்டியது நீட்டம் குறைந்த பருத்திப் பேண்டேஜ், 10 செ.மீ. அகலம். பாதம் சிறியதென்றால் அங்கே மட்டும் 8 செ.மீ. அதற்கு அடியில் மாவுக்கட்டுக்குப் போடும் பஞ்சு ரோல், இரண்டு.

கட்டும் நேரம் விடியற்காலை, கால் தரையில் இறங்கி வீங்குவதற்கு முன். முடியாவிட்டால் அரை மணி நேரம் காலைத் தூக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வாளிக்குள் சுத்தமான பிளாஸ்டிக் பையை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக் காலையும் கழுவுங்கள். பழைய செதிள் ஊறி உதிரும். விரல் இடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். வாசனையில்லாத வாசலினைத் தோலில் மேலிருந்து கீழாக, முடி போகும் திசையில் தடவுங்கள். இடுக்கில் வேண்டாம்.

புண்மேல் ஒட்டாத வலை, அதன்மேல் உறிஞ்சும் திண்டு. ஃபோம் டிரெஸ்ஸிங் விலை கட்டுப்படியாகாதவர்கள் குழந்தை டயாபரை வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் புண்ணில் நேராகப் படக் கூடாது, கத்தரிக்கவும் கூடாது. வெட்டிய ஓரத்தில் ஜெல் மணிகள் கொட்டிப் புண்ணுக்குள் போய்விடும். சிறிய அளவை முழுதாக மடித்து வையுங்கள்.

இனி பாதத்தைக் கணுக்காலில் 90 பாகையில், நிற்பதுபோல வைக்கச் சொல்லுங்கள். கால் நீட்டிய நிலையில் கட்டினால் நடக்கும்போது முன் மடிப்பில் வெட்டும். பஞ்சு ரோலை விரல் அடியிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழ் வரை, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தைப் பஞ்சால் நிரப்புங்கள். முன்னெலும்பின் கூர்முனைமேல் மடித்த பஞ்சு ஒரு பட்டை வையுங்கள். கணுக்கால் சுற்றளவு 18 செ.மீ.க்குக் குறைவென்றால் இன்னும் ஒரு சுற்று. ஒரே இழுப்புக்கு மெல்லிய காலில் அழுத்தம் கூடும், பருத்த காலில் குறையும் என்பதுதான் கணக்கு. கெண்டைக்கால் பருத்துக் கணுக்கால் ஒடுங்கித் தலைகீழ் போத்தல் மாதிரி இருந்தால், கீழே பஞ்சு சேர்த்து வடிவத்தைச் சரிசெய்த பிறகுதான் பேண்டேஜைத் தொட வேண்டும்.

பேண்டேஜை விரல் அடியில் இழுக்காமல் இரண்டு சுற்று. பிறகு குதிகாலைச் சுற்றி 8 போட்டு, குதிகால் முனை எங்கும் வெளியே தெரியாமல் மூடுங்கள். ஜன்னல் விட்டால் அந்த இடம் மட்டும் உப்பி வீங்கும். அங்கிருந்து முழு இழுப்பில், பாதிக்குப் பாதி மேலேறும்படி, மேலே போங்கள். ரோலைக் காலை விட்டுத் தூக்காமல், தோலோடு உருட்டியபடியே. கணுக்காலில் 40 பாதரச மி.மீ. அழுத்தம் என்பதே குறி, மேலே போகப் போகத் தானாகக் குறையும். முடிவில் துணி மிஞ்சினால் வெட்டிவிடுங்கள். வீணாகிறதே என்று முழங்காலுக்குக் கீழே நாலு சுற்றுச் சுற்றினால் அதுவே கயிறு கட்டியதுபோல் இறுக்கும்.

கட்டியபின் விரல் நகத்தை அமுக்கி விட்டுப் பாருங்கள், 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விரல் நீலமோ வெள்ளையோ ஆனால், மரத்தால், வலி ஏறினால், செவிலிக்காகக் காத்திருக்காமல் தாங்களே கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

முதல் வாரம் வீக்கம் வேகமாக வடியும், கட்டு சரியும். வாரம் மூன்று தடவை மாற்றுங்கள். பிறகு வாரம் ஒன்று போதும். கல்லாவில் உட்கார்ந்தபடியே மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் 10 தடவை ஆட்டட்டும். இந்த வகைப் பேண்டேஜ் கெண்டைத் தசை அசையும்போதுதான் வேலை செய்யும், சும்மா உட்கார்ந்த காலில் பெயருக்குத்தான் இருக்கும். குன்யாவில் (வெற்றிலைச் சுருளில்) புகையிலை போடுகிறாரா என்றும் கேளுங்கள். சுருட்டை விட்டவர்கள் வெற்றிலையை விடுவதில்லை. நிக்கோடின் வாய் வழியாகப் போனாலும் குழாயைச் சுருக்கும்.

இதய பலவீனத்தால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு இரண்டு காலிலும் ஒரே நாளில் கட்டாதீர்கள். காலில் தேங்கிய நீர் மேலேறி நெஞ்சில் சுமை ஏறும்.

இன்செய்ன்_பிசியோ | செவ்வாய், காலை 6.50

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். குழிப்புண்ணில் எதை நிரப்பினாலும் அதன்மேல் உடம்பு படுத்திருக்கும்வரை ஆறாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் நசுங்கும் சதைக்கு இரத்தம் போவதில்லை. தோல் கடைசியில்தான் சாகும், உள்ளே முன்பே செத்திருக்கும். மேலே சிறிய ஓட்டை, அடியில் பெரிய பை என்பது இதனால்தான்.

சாய்க்க வேண்டியது 30 பாகை. நேர்ப்பக்கவாட்டில் 90 பாகையில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு முனையில் அடுத்த புண். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, தொடைக்கு நடுவில் இன்னொன்று. பிறகு உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் நுழையுங்கள். கை தாராளமாகப் போனால் சரி, இறுகினால் இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். பலகைக் கட்டிலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நல்ல ஃபோமில், தோல் சிவக்கவில்லை என்றால், 3 அல்லது 4 மணி நேரம் வரை நீட்டலாம்.

தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் உடம்பு சரிகிறது. எலும்பு கீழே போகத் தோல் விரிப்பில் ஒட்டி நிற்கும், உள்ளே குழாய்கள் முறுக்கிக் கிழியும். மூக்குக்குழாயில் உணவு கொடுப்பவர்களுக்கு உயர்த்தித்தான் ஆக வேண்டும். அப்போது முதலில் முட்டியை மடக்கித் தலையணை வைத்து, பிறகு தலையை உயர்த்துங்கள். உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து இறக்கிவிடுங்கள்.

மேலே இழுக்கும்போது அக்குளில் கைவிட்டு இழுப்பதுதான் நம் வீடுகளில் பழக்கம். அதில்தான் வால் எலும்புத் தோல் உரிகிறது. பழைய வழவழப்பான நைலான் லோஞ்சி (குழாயாகத் தைத்த லுங்கி) இருந்தால் பிரிக்காமல் குழாயாகவே முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் விரியுங்கள். ஒரு படலம் இன்னொன்றின்மேல் வழுக்கும், இரண்டு பேர் மெதுவாக நகர்த்திவிடலாம். தையல் பக்கம் உடம்பில் படக் கூடாது. வேலை முடிந்ததும் உருவிவிடுங்கள், நைலானில் வேர்த்து ஊறும்.

நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை, ரப்பர் டியூப் இரண்டும் வேண்டாம். நடுவில் சுமை குறைகிறது, விளிம்பு சுற்றிலும் இரத்தத்தை அடைக்கிறது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் வேண்டாம், உள்ளே நைந்துபோன குழாய்தான் இன்னும் கிழியும்.

தாம்வே_செவிலி | செவ்வாய், காலை 8.15

நம் ஆட்கள் கறுப்புத் தோலில் சிவப்பு எப்படித் தெரியும்? விரலால் அமுக்கினால் வெளுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்செய்ன்_பிசியோ | செவ்வாய், காலை 8.40

விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள், சயாமா. பக்கத்துத் தோலைவிடச் சூடா, சில்லென்றா? கெட்டியா, சேற்றில் அமுக்கினதுபோல் மெத்தென்றா? ஊதா நிழல் அல்லது பளபளப்பு இருக்கிறதா? ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட் ஏமாற்றும். திருப்பிய அரை மணி கழித்தும் வித்தியாசம் போகவில்லை என்றால் படுக்கைப் புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது.

மூத்திரத்தில் ஊறிய தோலையும் இதோடு குழப்பாதீர்கள். ஊறல் புண் எலும்புமேல்தான் இருக்கும் என்றில்லை. பிட்ட மடிப்பிலும் தொடையிலும் பரவலாக, ஓரம் தெளிவில்லாமல், மேலோட்டமாக இருக்கும். அதற்குத் துத்தநாகக் களிம்பு. தடவியதை ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுக்காமல் அழுக்கை மட்டும் துடைத்து மேலே இன்னும் கொஞ்சம் பூசுங்கள்.

பழைய_தியேட்டர் | செவ்வாய், மதியம் 1.20

குதிகாலில் கறுப்புப் பொருக்கு இருந்தால் அது செத்த சதை. பிளேடால் எடுத்துவிட்டு அடியில் சிவப்புச் சதையைப் பார்த்தால்தான் ஆறும். இதில் தயக்கம் எதற்கு?

கட்டுத்துணி | செவ்வாய், மதியம் 2.05

குதிகாலில் மட்டும் மறுக்கிறேன் அண்ணே. உடம்பின் வேறு இடத்தில் செத்த சதை எடுக்க வேண்டும் என்பது சரி. குதிகாலில் எலும்புக்குமேல் கொழுப்புத் திண்டு தவிர ஒன்றுமில்லை, இரத்த ஓட்டமும் குறைவு. காய்ந்து, இறுகி, ஓரம் ஒட்டி, சுற்றிலும் சிவப்போ ஈரமோ இல்லாத பொருக்கு உடம்பே போட்ட மூடி. அதைத் திறந்தால் கிருமி எலும்புக்கே நேராக இறங்கும். உலர்த்தி வையுங்கள், அயோடின் தொட்டு வைக்கலாம், ஹைட்ரோஜெல் வைத்து ஊற வைக்காதீர்கள். கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை வைத்து, முட்டி லேசாக மடங்கி, குதிகால் காற்றில் நிற்கும்படி செய்யுங்கள். குதிகாலுக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒரு காகிதம் தடையில்லாமல் போய் வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், ஓரத்திலிருந்து தானாகவே தூக்கிக்கொண்டு வரும்.

நீங்கள் சொல்வது எப்போது சரியாகும் என்றால், அந்தப் பொருக்கு மெத்தென்று ஆகி, அடியில் தளும்பி, ஓரத்தில் சீழ் கசிந்தால். அன்றைக்கே டாக்டர், தள்ளிப்போடக் கூடாது.

பழைய_தியேட்டர் | செவ்வாய், மதியம் 2.30

இரத்த ஓட்டம் அளக்காத காலில் பிளேடு வைக்கக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வால் எலும்புப் பக்கம் மஞ்சள் சவ்வு இருந்தால் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

கட்டுத்துணி | செவ்வாய், இரவு 9.10

அந்தக் குழிக்குக் கட்டு மாற்றும் முறை. டாக்டர் அனுமதித்த பாரசிட்டமால், அரை மணி முன்பே. பழைய காஸ் ஒட்டியிருந்தால் உப்புத் தண்ணீர் விட்டு 5 நிமிடம் ஊற விடுங்கள், இழுத்தால் புதுச் சதையும் கூட வரும். எடுத்த காஸைத் தூக்கிப்போடுவதற்கு முன் பாருங்கள், புண் எப்படி இருக்கிறது என்று பாதிக் கதையை அதுவே சொல்லும். வாடையைக் கழுவிய பிறகு முகருங்கள். கழுவுமுன் எல்லாக் கட்டும் நாறும்.

பைக்குள் அழுக்கு ஒளிந்திருக்கும். 30 மி.லி. சிரிஞ்சில் ஊசி கழற்றிய 18 கேஜ் கேனுலாவை (குளுக்கோஸ் ஏற்றும் பிளாஸ்டிக் குழாயை) பொருத்தி, அந்தப் பீச்சலில் கழுவுங்கள். வெறும் சிரிஞ்சால் ஊற்றினால் வேகம் போதாது, மெல்லிய ஊசியால் பீச்சினால் கிருமியைச் சதைக்குள் தள்ளும். திரும்பி வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள்.

வாரம் ஒருமுறை அளவு. தலை முதல் கால் திசையில் நீளம், குறுக்கே அகலம், கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியால் ஆழம். பையைக் கடிகாரக் கணக்கில் எழுதுங்கள், தலைப்பக்கம் 12. “11 முதல் 2 வரை 2.5 செ.மீ.” என்று இருந்தால் அடுத்து வருகிறவருக்கும் புரியும். குச்சி கடக்கென்று கெட்டியாக முட்டினால் எலும்பு. எலும்பிலேயே நோய் புகுந்திருக்கலாம், கட்டு மாற்றுகிறவரின் கையில் இல்லாத விஷயம் அது.

நிரப்புவதற்கு ஒரே நீளமான ரிப்பன் காஸ். நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பைக்குள் முதலில், தளர்வாக. திணித்தால் உள்ளிருந்து அழுத்தி அதுவே இன்னொரு படுக்கைப் புண்ணாகும். வால் ஒரு செ.மீ. வெளியே தெரிய வேண்டும். இரண்டு துண்டு வைத்தால் எண்ணிக்கையைப் பிளாஸ்டர்மேலேயே எழுதுங்கள். உள்ளே மறந்த காஸ் வாரக்கணக்கில் நாறிக்கொண்டிருக்கும். எடுக்கும்போது காஸ் காய்ந்திருந்தால் அடிக்கடி மாற்ற வேண்டும். சுற்றுத் தோல் சலவையில் ஊறிய கை மாதிரி வெளுத்திருந்தால் ஈரம் அதிகம்.

மலம் படாமலிருக்க, கீழ் ஓரத்தை முதலில் பிட்ட இடுக்குக்குள் அழுத்தி ஒட்டிவிட்டுப் பிறகு மேலே போங்கள். மேலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தால் கீழே எப்போதும் ஒரு மடிப்பு நிற்கும், மலம் அந்த வழியாகத்தான் நுழையும்.

மோல்மேன்_மருந்துக்கடை | செவ்வாய், இரவு 9.45

வாடை தாங்க முடியாமல் சொந்தக்காரர்கள் பக்கத்தில் உட்காராமல் போவது உண்டு. செத்த சதையில் வளரும் கிருமிதான் காரணம். 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல் கேளுங்கள். கிடைக்காத ஊரில் மாத்திரையை நைசாகப் பொடித்து, கழுவிய புண்ணில் லேசாகத் தூவ டாக்டர்கள் சொல்வதுண்டு. டெட்ராசைக்ளின் பொடிக்கு மாட்டேன் என்றவன் இதற்குச் சரி சொல்கிறானே என்று கேட்காதீர்கள். இது வாடைக்கு, சில நாளைக்கு, ஆற்றுவதற்கு இல்லை.

தாம்வே_செவிலி | புதன், காலை 7.00

மெத்தை கரண்ட் விஷயம் யாரும் சொல்லவில்லையே?

இன்செய்ன்_பிசியோ | புதன், காலை 7.35

மறக்கவில்லை. முதலில், காற்று மெத்தைக்கு அடியில் 10 செ.மீ. நல்ல ஃபோம் இருக்க வேண்டும். பலகைமேல் நேராகப் போட்டால் கரண்ட் போனதும் பலகையில்தான் படுத்திருக்கிறார். குழாயில் மூடி உள்ள மாடல் என்றால் கரண்ட் போன உடனே பம்பிலிருந்து கழற்றி மூடுங்கள், காற்று நிற்கும். மூடி இல்லாவிட்டால் அந்த நேரம் முழுக்க 2 மணிக் கணக்கில் திருப்ப வேண்டியதுதான்.

இந்தப் பம்புகள் பெரும்பாலும் 10 வாட் அளவுதான் இழுக்கும், அடியில் உள்ள லேபிளில் பாருங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி. பாதிக்குமேல் இறக்காமல், இன்வெர்ட்டர் தின்பதும் போக, சுமார் மூன்றரை மணி ஓடும். வீட்டில் வைஃபைக்குப் பேட்டரி வைத்திருப்பவர்கள் பம்புக்கு வைப்பதில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

காற்று போதுமா என்று பார்க்க, மெத்தைக்கு அடியில் வால் எலும்புக்கு நேராக உள்ளங்கையை மேல்பார்த்து நுழையுங்கள். உடம்புக்கும் கைக்கும் நடுவில் குறைந்தது 2.5 செ.மீ. மெத்தை தெரிய வேண்டும். மேலே ஒரு விரிப்பு போதும், அதையும் இறுக்கிச் செருகாதீர்கள். ரப்பர் ஷீட், போர்வை, டயாபர் என்று நாலு அடுக்கு போட்டால் காற்று மெத்தை வாங்கிய காசு தண்டம்.

கட்டுத்துணி | புதன், காலை 9.20

சாப்பாடும் கேளுங்கள். 50 கிலோ அம்மாவுக்குப் புரதம் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம், அதாவது நாளைக்கு 63 முதல் 75 கிராம். கஞ்சியில் இது வராது. இரண்டு முட்டை 12, சமைத்த மீன் 150 கிராமில் 30க்குமேல், காலையில் அவித்த பட்டாணி ஒரு கோப்பை 12 போல, பால் ஒரு தம்ளர் 8. சோற்றிலிருந்து மீதி வரும். விழுங்கச் சிரமம் என்றால் மொஹிங்கா எனும் மீன் நூடுல்ஸின் குழம்பில் மீனை மசித்துக் கடலைமாவைச் சற்றுக் கூட்டுங்கள், உப்பைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

தாட்டன்_தம்பி | புதன், காலை 10.10

எங்க அத்தைக்குச் சர்க்கரை, புண்ணு ஒண்ணும் இல்ல. தீமிதிக்கு நேர்ந்திருக்காங்க. பரவாயில்லையா?

மோல்மேன்_மருந்துக்கடை | புதன், காலை 10.50

முதலில் இதைச் செய்யுங்க தம்பி. அத்தை கண்ணை மூடட்டும். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்க, அமுக்க வேண்டாம், தட்ட வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்குமேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி மரத்துவிட்டது. அந்தக் காலோடு தீயில் இறங்க வேண்டாம். சுடுவதே தெரியாமல் நடந்து முடிப்பார், கொப்புளம் மறுநாள்தான் தெரியும். பால்குடமோ அங்கப்பிரதட்சிணமோ என்று நேர்த்தியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்க. ஷ்வேடகன் பகோடா போன்ற இடத்தில் சாக்ஸ்கூட அனுமதியில்லை, பகல் வெயிலில் சலவைக்கல் சுட்டே எத்தனையோ பாதம் கொப்பளிக்கிறது. விடியற்காலை போகட்டும். விரலிடுக்கில் வார் நுழையும் செருப்பையும் மாற்றுங்க, மரத்த காலில் அந்த வாரே இடுக்கை அறுக்கும்.

நெறியாளர் | புதன், காலை 11.00

புண்ணின் படம் போடுகிறவர்கள் முகம், வீட்டு முகவரி, மருத்துவச் சீட்டு தெரியாமல் போடவும்.

தாம்வே_செவிலி | வெள்ளி, இரவு 8.00

கட்டு தொடங்கியாச்சு. எத்தனை வாரத்தில் தெரியும்? ஆறியபின் கட்டை நிறுத்தலாமா?

கட்டுத்துணி | வெள்ளி, இரவு 9.30

நீளத்தையும் அகலத்தையும் பெருக்குங்கள், இப்போது 20. நாலு வாரத்தில் 14க்குக் கீழே வந்தால் நல்ல பாதை. அசையவே இல்லை என்றால் கட்டு ஒழுங்காகப் போடுகிறோமா, இரத்த ஓட்டம் சரியா, சர்க்கரை என்ன என்று திரும்பப் பாருங்கள். மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியும் ஆறாமல், ஓரம் சுருண்டு தடித்து மேலெழும்பினால் சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், பழைய புண்ணில் புற்று வருவதுண்டு. காய்ச்சல், சிவப்பு புண்ணைத் தாண்டிப் பரவுதல், தொட்டால் நறநறவென்று காற்றுச் சத்தம், இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. அதில்லாமல் வெறும் புண்ணைச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பி, வந்த கிருமிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம். எல்லா ஆறாப் புண்ணிலும் கிருமி இருக்கும்.

ஆறினாலும் வால்வு கெட்டது கெட்டதுதான். கட்டை நிறுத்திய அன்றே அழுத்தக் காலுறை, 18 முதல் 24 பாதரச மி.மீ. வகை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது, துவைக்கத் துவைக்க இழுப்புப் போய்விடும். படுக்கையை விட்டு எழுமுன் போட்டு, ராத்திரி படுக்கும்போது கழற்றலாம். போட வரவில்லை என்று பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள். பாத்திரம் கழுவும் ரப்பர்க் கையுறை மாட்டிக்கொண்டு, காலுறையைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பிப் பாதத்தை நுழைத்து, பிறகு உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மேலேற்றச் சொல்லுங்கள். மேல் விளிம்பை மடித்துவிடக் கூடாது.